கல்லில் தங்கும் மாவு

லீட்ஸ், வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் தும்மல் நின்றதா? மில்லில் முகத்துக்குத் துணி கட்டுகிறீர்களா?

இன்று வரலாற்று வகுப்பில் இங்கிலாந்தின் எழுநூறு வருஷப் பழைய வழக்கு ஒன்றைப் படித்தோம். அரைக்கக் கொடுத்த கோதுமைக்கு மாவு குறைகிறது என்று ஒருத்தி மில்காரர்மேல் புகார் சொல்கிறாள். "திருடன்தான்" என்றார் பேராசிரியர். எனக்கோ திருவொற்றியூரில் நம் மில் வாசலில் நின்று உங்களைக் கேட்கும் கன்னியம்மா அக்கா குரல்தான் கேட்டது: "இன்னா ஜெனிம்மா, மாவு கம்மியா கீது?" உடனே எழுந்து உங்கள் பதிலையே சொன்னேன்: "கல்லுக்குள் கொஞ்சம் தங்கும் சார், அது அடுத்தவர் மாவோடு போய்விடும்." அசந்துபோனவர், அதையே ஆய்வாக எழுதச் சொல்லிவிட்டார் அம்மா!

இங்கே மாவுக்கு வாசனையே இல்லை. தீபன் அண்ணன் வரும்போது ஒரு கிலோ கோதுமை மாவு கொடுத்தனுப்புங்கள். மிளகாய் அரைத்த கையோடு அரையுங்கள். மற்றவர்களைப் போல, மாவில் மிளகாய் நெடி என்று நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் ஜெனி