வேரோடு பெயர்த்த பிச்சிக்கொடி

"ஊற்றாதே நீலா, குடத்தை இறக்கு."

"இறக்காதே. ஊற்று. அரசர் ஆணை."

"வானமே உடைந்து கொட்டுகிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா சாத்தனாரே?"

"தெரிகிறது தாயே. மழைக்கு ஆணையிட ஆளில்லை, எனக்கு இருக்கிறது. ஊற்றடா."

இவ்வண்ணம் இரு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, இடையில் அகப்பட்ட குடக்காரன் நீலன் எவர் சொல்லையும் தட்ட மாட்டாதவனாய்க் குடத்து நீரைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான். அந்தப் பூசலில் ஒரு குரல் தங்கள் திருமகளாருடையது. ஆதலின் நடந்ததை நடந்தபடியே தங்களுக்கு அறிவிக்க இவ்வோலை எழுந்தது.

மங்கலம் பெருகுக. ஆற்றிடைக் கோட்டையை ஆள்பவரும், செந்நெல் நாட்டார் தலைமேற்கொள்ளும் குடையுடையவரும், நம் சம்பந்தியாருமாகிய வேள் பரிதியார் திருமுன்பு, வெண்குன்ற நாட்டரசர் காரியாதித்தரை ஈன்ற பெரிய நாச்சியார் நல்லமங்கை எழுதுவிக்கும் ஓலை. தங்கள் நாட்டு மதகுகள் நிறைக; களஞ்சியங்கள் வற்றாதிருக்க; தங்கள் தேவியாரின் மூட்டு நோவு தணிக.

எங்கள் நாட்டு வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். கோடை பிறந்ததும் அரசர் தம் கையால் முதற்குடம் நீர் வார்ப்பார். அன்று முதல் அரண்மனைத் தோட்டத்துச் செடிகளுக்குக் காலையும் மாலையும் நீர் வார்க்க வேண்டும். அரசர் மீண்டும் வந்து குடத்தைக் கவிழ்த்து வைக்கும்வரை எவரும் நிறுத்தலாகாது. இவ்வாண்டு முதற்குடம் வார்த்த கையோடு நம் மகன் எல்லைப் பூசலுக்குப் போய்விட்டான். சித்திரை வெயிலைக் காணோம், மழை பிடித்துக்கொண்டது. கத்தரி அழுகிச் சாய்ந்தது. துளசி கறுத்தது. செவ்வந்தித் தண்டில் நத்தைகள் குடியேறின. ஆயினும் கோட்டைத் தலைவர் பெருஞ்சாத்தனார் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு, குளமாய் நின்ற பாத்திகளுக்கு நீர் வார்ப்பித்துக்கொண்டேயிருந்தார்.

தங்கள் மகள் நறுங்கோதைக்கு நெஞ்சு பதறியது அவள் கொண்டுவந்த பிச்சிக்கொடிக்காக. தாய்வீட்டுப் பந்தலடியில் வேர்மண்ணோடு எடுத்த பிச்சி புகுந்த வீட்டில் பூத்தால்தான் மணம் நிறையும், பூக்குமுன் பட்டுப்போனால் பெண் பிறந்தகம் திரும்ப வேண்டும் என்பது தங்கள் குலவழக்கமன்றோ? இலை ஒவ்வொன்றாய் மஞ்சளாகி உதிர, ஒவ்வொன்றையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சோறு இறங்கவில்லை. காரியாதித்தன் விடைபெற்றபோது, திரும்பி வருகையில் வாசலில் நில் என்று சொல்லிப் போயிருந்தான். எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறோம் என்பதே அவள் கவலை.

ஆணையை நிறுத்துங்கள் அத்தை என்று நம்மிடம் வந்தாள். அரசரல்லாதார் குடம் கவிழ்த்தலாகாது, அரசர் இல்லாதபோது பட்டத்துத் தேவி கவிழ்க்கலாம் என்றோம். நான்தானே தேவி என்றாள். கொடி பூத்தால்தான் நீ தேவி என்றோம். "கொடி பூக்க ஆணை நிற்க வேண்டும், ஆணை நிற்கக் கொடி பூக்க வேண்டும். நல்ல ஊருக்குத்தான் வாழ வந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

போனவள் மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினாள். கொடியைத் தாய்மண் உதிராமல் வேரோடு பெயர்த்து, ஓட்டைப் பானையில் வைத்துத் தாழ்வாரத்தில் ஏற்றிவிட்டாள். சாத்தனார் ஓடிவந்தார்.

"தாயே, இனி நான் எதற்கு ஊற்றுவது?"

"உங்கள் ஆணை தோட்டத்துக்குத்தானே? குழி அங்கேயேதான் இருக்கிறது. ஊற்றுங்கள்."

மெய்யாகவே ஊற்றினார், சம்பந்தியாரே. வெறுங்குழிக்குக் காலையும் மாலையும் நீர் வார்த்தார்; தவளைகள் அவரை வாழ்த்தின. ஆனால் அன்று மாலையே அவர் தம் வெற்றிலைக் கொடியையும் சத்தமில்லாமல் பெயர்த்துப் பானையில் வைத்ததை நாம் பலகணி வழியே கண்டோம். மறுநாள் தாழ்வாரத்தில் நடக்க இடமில்லை. தோட்டம் முழுதும் பானையேறி வந்துவிட்டது.

இதற்குள், கொடி வாடுகிறதென்று தங்கள் மகளின் செவிலியார் சொல்லியனுப்ப, தாங்களும் மகளை அழைத்துவரப் பல்லக்கு அனுப்பிவிட்டீர்கள். அது நேற்று வாயிலில் வந்து இறங்கிய ஓசை கேட்டு நறுங்கோதை அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை கதவைத் திறந்தவள் நம் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். பட்டதென்று எண்ணிய கொடியில் நகக்கண் அளவில் தளிர்கள்; அவற்றின் நடுவே ஒரேயொரு பூ. மழைநீர் சொட்டச் சொட்ட மலர்ந்திருந்தது. செவிலியார் குனிந்து முகர்ந்து பார்த்து, "நம்ம வீட்டுப் பந்தல் வாசமேதான்" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார். சாத்தனார் குடத்தைக் கொணர்ந்து மருமகள் முன் வைத்துவிட்டு விலகி நின்றார். அவள் அதைக் கவிழ்த்தாள். நம் நெஞ்சில் இருந்த பாறை அப்போதுதான் இறங்கியது.

ஆயினும், நட்ட இடத்தில் பூக்காமல் பெயர்த்த இடத்தில் பூத்த பூ செல்லாதென்று தங்கள் அவையில் ஒருவர் சொல்லக்கூடும். வேர் அறவில்லை, தங்கள் மண்ணும் உதிரவில்லை, மணம் நிறைந்ததென்றே நாம் கொண்டோம். தாங்களும் அவ்வாறே கொண்டருள்க. பல்லக்குத் தூக்கிகள் விடை வருமளவும் எம் விருந்தினராய் இருப்பர். ஓலை கொணரும் தாழன் தங்கள் மறுமொழி பெறாது மீளலாகாது என்பது நம் கட்டளை. இதற்கு நம் ஆமை முத்திரை சாட்சி. இரு நாடும் ஒரு மழையில் நனைந்து ஒரு வெயிலில் உலர்க.

முத்திரையிட்டு நூல் சுற்றும் வேளையில் தங்கள் மகள் வந்து, முழுவதும் படிக்கக் கேட்டு, இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதினோம்:

"பெயர்த்து வைத்த கொடிதானே என்று அப்பா சொன்னால், என்னை அவர் எங்கிருந்து பெயர்த்து இங்கே வைத்தார் என்று கேளுங்கள் அத்தை."