பம்ப் முதலில், ஆயில் பிறகு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி இந்த வாரம் கொஞ்சம் தேவலை. குளியலறைக் குழாய் ஒழுகுவது மட்டும் தேவலையாகவில்லை. நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுத வரவில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, அருவருப்பு.

உன் வண்டிக் கம்பெனியின் புகார்ப் பிரிவிலிருந்து வந்த கடிதம்தான் காரணம். 'அன்புள்ள வாடிக்கையாளர் அவர்களுக்கு' என்று தொடங்கி, கீழே உன் கையெழுத்து. நான்காம் வகுப்பில் ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டு மாட்டிக்கொண்டாய். உன் டீச்சர் கூப்பிட்டுக் காட்டியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது உன் கையெழுத்தை நீயே போட்டிருக்கிறாய். சிரிப்பு வரவில்லை.

அம்மாவிடம் போனில், "ஆபீஸ்ல தினம் நூறு லெட்டர் போகுதும்மா, அப்பா ஏன் இதைப் போய்ப் பெருசு பண்றாரு" என்று சொன்னாயாம். சரி, நூறில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். அதன் இரண்டாவது பத்தியை உனக்கே எழுதிக் காட்டுகிறேன்: 'உரிமையாளர் தாமே ஒப்புக்கொண்டபடி, எரிபொருளுடன் அனுமதிக்கப்படாத எண்ணெய் கலக்கப்பட்டதால் பம்ப் பழுதடைந்துள்ளது. எனவே தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

ஒப்புக்கொண்டேனாம். எப்போது ஒப்புக்கொண்டேன், யாரிடம் ஒப்புக்கொண்டேன்? புகாரை என் கையாலேயே நான்கு பக்கம் எழுதினேன். கார்பன் வைத்து எழுதியதால் பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் எண்ணெய் என்ற சொல்லே கிடையாது. ஷோரூம் சூப்பர்வைசரிடமும் சொன்னதில்லை. அவரிடம் நான் பேசியதே மொத்தம் பத்து வாக்கியம். அதில் எட்டு வசவு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுவதுதானே என்று தள்ளிவிடாதே. உங்கள் ஆபீசில் கெட்டுப்போயிருப்பது இந்த வரிசைதான்.

மார்ச் ஒன்பதாம் தேதி, காலை பதினொரு மணி. பிக்கப்பில் பதினாறு கண்ணாடிப் பலகைகள், சாய்வுச் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில் கண்ணாடிக்காரர். மேம்பால ஏற்றத்தில் பாதி ஏறியதும் எஞ்சின் நின்றது. இருமலும் இல்லை, நடுக்கமும் இல்லை, விளக்கை அணைத்ததுபோல் நின்றது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இரண்டு மிதி மிதித்ததும் பிரேக்கும் கல்லாகிவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு ஸ்கூட்டர், அதில் ஒரு பெண், முன்னால் நிற்கவைத்த குழந்தை. பக்கக் கண்ணாடியில் அந்தப் பெண்ணின் வாய் திறந்திருப்பது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து, முதுகைச் சீட்டில் கொடுத்து மிதித்தேன். கண்ணாடிக்காரர் குதித்து, நடைபாதையில் பெயர்ந்து கிடந்த கல்லைச் சக்கரத்துக்குப் போட்டார். அப்புறம் வந்து, "அண்ணே, பதினாறுல அஞ்சு போச்சு, பரவால்ல, ஆள் யாரும் போகலை" என்றார். அந்த மனிதருக்கு இருக்கும் மனசில் கால்வாசி உங்கள் கம்பெனிக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது.

நம் மெக்கானிக் சொட்டுவை உனக்குத் தெரியும். ஒரு சொட்டு டீசல்கூடக் கீழே சிந்தாமல் வேலை பார்ப்பவர். அவர் டீசல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். துணி முழுக்க ஜிகினா. கல்யாண அழைப்பிதழில் தூவியிருப்பார்களே, அப்படி மின்னியது. "இது தண்ணியும் இல்ல, அழுக்கும் இல்ல. பம்ப் தன்னைத்தானே அரைச்சுத் தின்னிருக்கு. தின்னதை எல்லா இன்ஜெக்டருக்கும் பங்கு வச்சிருக்கு" என்றார். டீசல்தான் அந்தப் பம்புக்குள் மசகு. இப்போது வரும் டீசலில் அந்த வழவழப்புப் போதவில்லை, அதைத் தாங்கும்படி இவர்கள் பம்பைச் செய்யவும் இல்லை என்பது அவர் கணிப்பு. ஷோரூம் சூப்பர்வைசர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். துணியைப் பார்க்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து, "பெரியவரே, எந்த பங்க்ல போடுறீங்க?" என்றார். பதினேழு வருடமாக ஒரே பங்க். ஒவ்வொரு தடவை நிரப்பியதும் நோட்டில் இருக்கிறது. நோட்டை நீட்டினேன். கையுறை அழுக்காகிவிடும் என்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

என் கைக்காசில் புது பம்ப் போட்டேன். மார்ச் இருபத்தாறு. பில்லில் தேதி இருக்கிறது.

எண்ணெய் வந்தது அதற்குப் பிறகு. ஏப்ரல் இரண்டாம் தேதி. "புது பம்பாவது பொழைக்கட்டும், ஃபுல் டேங்குக்கு ரெண்டு மூடி டூ ஸ்ட்ரோக் ஆயில் விடுங்க, உள்ள வழவழன்னு இருக்கும்" என்று சொட்டு சொன்னார். விட்டேன். அது சரியா தப்பா என்று சண்டை போட நான் தயார். ஏப்ரலில் ஊற்றிய எண்ணெய் மார்ச்சில் இருந்த பம்பை எப்படிக் கெடுத்தது என்று மட்டும் உங்கள் எஞ்சினியர்கள் எனக்கு விளக்க வேண்டும்.

எங்கள் ஸ்டாண்டில் இதே மாடல் பிக்கப் பன்னிரண்டு. ஒன்பதுக்கு பம்ப் போய்விட்டது. அதில் ஒருவனுக்குக் கருமி என்றே பெயர். டீயில் ஈ விழுந்தால் ஈயைப் பிழிந்துவிட்டுப் போடுகிறவன். டேங்கில் டீசலைத் தவிர வேறொன்றை ஊற்ற அவன் உயிரே போனாலும் காசு எடுக்க மாட்டான். அவன் பம்பும் போயிற்று. ஒன்பது பேரும் சேர்ந்துதான் புகார் கொடுத்தோம். எழுதத் தெரிந்தவன் என்று எல்லாருடையதையும் என்னையே எழுதச் சொன்னார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். அம்மாவிடம் பேசிவிட்டு, "அப்பாகிட்ட குடும்மா" என்றாய். வழக்கமாக மருந்து சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அன்று, "வண்டி எப்படிப்பா ஓடுது? டேங்க்ல வேற ஏதாச்சும் ஊத்துறீங்களா?" என்று கேட்டாய். கல்யாணமாகிப் போன இந்த ஏழு வருடத்தில் நீ என் வண்டியைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு வாயெல்லாம் பல். பம்ப் போன பிறகு ஊற்ற ஆரம்பித்தது, இரண்டு மூடிக் கணக்கு, எந்த பிராண்ட், டீசலுக்கு முன் ஊற்றுவதா பின் ஊற்றுவதா என்று எல்லாம் சொன்னேன். ஸ்டாண்டில் நாலைந்து பேர் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். நீ 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். போனை வைத்ததும் அம்மாவிடம், "பார்த்தியா, உன் பொண்ணுக்கு வண்டி ஞாபகம் வந்திருக்கு" என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

நீ மகளாகக் கேட்டாயா, ஆபீசுக்காகக் கேட்டாயா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகளாகக் கேட்டு, பிறகு யாரோ நெருக்கியபோது வாயை விட்டாயா? அப்படியும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் 'பம்ப் போன பிறகு' என்ற மூன்று சொல்லை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாமல் அது விடுபடாது. ஏழாம் வகுப்பில் கட்டுரையில் ஒரு ஒற்று விட்டதற்கு அழுதவள் நீ.

மற்ற எட்டுப் பேருக்கும் அதே நாளில் கடிதம் வந்தது. அதில் 'தங்கள் பகுதி உரிமையாளர்களிடையே நிலவும் பழக்கம்' என்று ஒரு வரி. ஸ்டாண்டில் இப்போது ஒரே பேச்சு, யார் போட்டுக்கொடுத்தது என்பதுதான். ஒன்பது பேரில் ஒருவனான நெட்டை எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே, "நமக்குள்ளயே ஒருத்தன் கம்பெனிக்குச் சம்பந்தி ஆயிட்டான்யா" என்றான். சம்பந்தி என்றதும் மூன்று பேர் என் பக்கம் திரும்பினார்கள். நீ அங்கே வேலை பார்ப்பது அவர்களுக்குத் தெரியும். கடிதத்தில் இருப்பது உன் கையெழுத்து என்று தெரியாது. வெறும் கிறுக்கலும் பதவிப் பெயரும்தானே இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடமாக அந்த இடத்தில் வாயை மூடியிராதவன். நான் மூடியதே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. மறுநாள் எனக்கு டீ சொல்லவில்லை.

கம்பெனி பதிலே தராமல் இழுத்தபோது நுகர்வோர் கோர்ட்டில் நாங்கள் போட்ட வழக்குக்கு இந்த மாதம் பதினெட்டாம் தேதி விசாரணை. ஒன்பது பேர் சார்பிலும் பேசப்போவது நான். 'ஒப்புக்கொண்டபடி' என்று எழுதியிருக்கிறதே, யாரிடம் ஒப்புக்கொண்டீர்கள் என்று முதல் கேள்வியாகவே கேட்பார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். "யார்கிட்டயும் இல்லன்னு சொல்லிடுங்களேன் பெரியவரே" என்றும் சொன்னார். என்னால் முடியாது. உனக்காகவும் முடியாது. சத்தியம் பண்ணி நின்றால் உன் பெயரைத்தான் சொல்வேன். சொன்ன பிறகு அம்மா என்னோடு பேசுவாளா என்பது சந்தேகம். கம்பெனியிலிருந்து ஏதோ கடிதம் வந்தது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கடிதத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பதினெட்டாம் தேதிக்கு முன் நீயே கோர்ட்டுக்கு எழுது. உன் பெயரை முழுதாகப் போட்டு, பம்ப் போனது முதலில், எண்ணெய் ஊற்றியது பிறகு, இதைச் சொன்னவர் என் அப்பா, என்னிடம்தான் சொன்னார் என்று எழுது. ஒரே பக்கம் போதும். எழுதினால் ஆபீஸ் உன்னை என்ன செய்யும் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருப்பதும், மாப்பிள்ளை வேலை தேடிக்கொண்டிருப்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். நான் வேறொருவர் மகளிடம் கேட்டிருந்தால் மெதுவாகக் கேட்டிருப்பேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். திட்டி எழுது. இனிமேல் வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்றும் எழுது. அதையும் படித்துக்கொள்கிறேன். பொய்யை மட்டும் இனிமேல் எழுதாதே.

இன்னொன்று. ஊழியர் சலுகையில் போன மாதம் நீங்கள் வாங்கிய புது வண்டியின் படத்தை அம்மாவுக்கு அனுப்பியிருந்தாய். குழந்தை அதன் முன்னால் நின்று கையை விரித்துக்கொண்டிருக்கிறாள். படத்தைச் சொட்டுவிடம் காட்டினேன். அதே எஞ்சின், அதே பம்ப் என்கிறார். எனக்கு மேம்பாலத்தில் பார்த்த அந்தக் குழந்தை ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பெரிய இறக்கம் ஒன்று இருக்கிறது அல்லவா. நீ கோர்ட்டுக்கு எழுது, எழுதாமல் போ. அந்த இறக்கத்தில் மட்டும் அந்த வண்டியைக் கொண்டுபோகாதே அம்மா. பஸ்ஸில் கூட்டிப் போ. பஸ் கிடைக்காவிட்டால் தூக்கிக்கொண்டு நடந்து போ. கொஞ்சம் தாமதமாகத்தான் போவாள், டீச்சர் திட்டுவாள், அவ்வளவுதானே.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அப்பா