புரட்டாசியில் சிக்கிய மீன்

அன்புள்ள அம்மா,

நான் நலம். நம் ஊர் புக்கிட் பெலண்டோக்கில் மழை விட்டதா? அப்பாவின் கால் கட்டைப் பிரித்துவிட்டார்களா?

போன சனிக்கிழமை எங்கள் மாணவர் குழுவை இங்கே நியூசிலாந்தில் ஒரு மலை ஏரிக்கு அழைத்துப் போனார்கள். பயப்படாதீர்கள், நம் தோட்டத்து மேட்டைவிடச் சுலபமான ஏற்றம்தான். ஏரியில் ட்ரௌட் மீன் பிடித்தோம். உடலெல்லாம் புள்ளி, புத்தகப் படத்தைவிட அழகு. விரதத்தில் மீன் பிடிக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் தூண்டிலில்தான் முதல் மீன் சிக்கியது. கூட வந்திருந்த, நான் தங்கியிருக்கும் வீட்டு ஹெலன் ஆன்ட்டி கைதட்டிவிட்டு, கரையிலேயே வாணலியை அடுப்பில் வைத்தார்.

"யாரு பாக்கப் போறாங்க லா? சும்மா சாப்புடுடி," என்றாள் அம்பாங்கான் ஊரிலிருந்து என்னோடு படிக்க வந்திருக்கும் அர்ச்சனா.

"உனக்கென்ன, உங்கப்பா காலா?" என்றேன்.

அப்பாவின் கால் ஆற வேண்டி நாம் இருக்கும் விரதத்தை ஆன்ட்டிக்கு விளக்கத் தெரியவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி என்றைக்கு முடிகிறது? நாட்காட்டியைப் பார்த்து எழுதுங்கள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

ஆன்ட்டி காரில் காத்திருக்கிறார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பசியில்லை என்றது பொய், அம்மா. அதனால் விரதம் கெட்டுவிடுமா? அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்,
திலகா