டிபன் கேரியரில் மேல் அடுக்கு

9 நவம்பர் 2025, ஞாயிறு

முதலில் மன்னிப்பு. கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் என் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்று சாய்ந்து அடுத்ததன் தோளில் கை போடுகிறது. ‘ஞ’ எழுதும்போது பேனாவே பயப்படுகிறது. எழுபத்திரண்டு வயதில் எழுதப் படித்தவன் கை இப்படித்தான் இருக்கும். வேறு யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. பிற்பாடு படிக்கப்போகும் ஐயப்பன், அதாவது நானே, கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

தில்லித் தமிழ்ச் சங்கத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் காமாக்ஷி டீச்சர்தான் சொன்னார்: “வாரம் ஒரு பக்கமாவது எழுதுங்க. என்ன சமைச்சீங்கன்னு எழுதினாலும் போதும்.”

இன்று பருப்பு உசிலி. நன்றாக வந்தது.

ஆனால் எழுத வேண்டியது டிப்டியைப் பற்றி. ஒன்பது வருடம் முன்பு எங்கள் மாடியில் இருந்த டெபுடி செக்ரெட்டரி ஷில்லாங்குக்கு மாற்றலாகிப் போனபோது ஒரு நாய்க்குட்டியை விட்டுவிட்டுப் போனார். பெயர் வைக்காமல் போய்விட்டார். அவர் பதவியையே பெயராக வைத்துவிட்டேன், டெபுடி என் வாயில் டிப்டி ஆனது. என் மகள் லதா திட்டினாள். இப்போது ஆர்.கே.புரத்தில் எங்கள் வரிசைக்கே அவன் டிப்டி.

ஒரு வாரமாக அவன் சரியில்லை. காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், நிற்கிறான், கையெழுத்துக்குக் காத்திருக்கும் குமாஸ்தா போல. இரண்டு சொட்டு வருகிறது. நேற்று அதில் சிவப்பு.

ஒரு பக்கம் எழுதிவிட்டேன்! இரண்டே கால் மணி நேரம்.

12 நவம்பர், புதன்

நாய் டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார். டிப்டி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது.

15 நவம்பர், சனி

ப்ராஸ்டேட் என்று ஒரு சுரப்பி. அது வீங்கியிருக்கிறதாம். ஆண் நாய்க்கு உண்டு, ஆண் மனிதனுக்கும் உண்டு. “எனக்கும் இருக்கு, போன வருஷமே பார்த்தாச்சு” என்றேன். டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வயசான வீக்கமாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம் என்றார். ஊசியில் எடுத்த செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் அவருக்கு நிச்சயமில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினார்.

அங்கே மாதங்கி என்று ஒரு பெண். தில்லியில் பிறந்த தமிழ்ப் பெண். இதில்தான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். “அச்சா தாத்தா, கேளுங்க. கண்ணுக்கு எல்லா செல்லும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ள ஒரு அடையாளம் இருக்கான்னு பாக்கணும். சும்மா வீக்கமா, அந்தச் சுரப்பியிலேயே வந்த கேன்சரா, யூரின் பை தோல்லேர்ந்து அங்க வந்த கேன்சரா — வகை பிரிக்கறதுதான் என் வேலை.”

எனக்கு உடனே புரிந்தது. நாலு அண்டா சாம்பார் பார்வைக்கு ஒன்றுதான். எதில் பெருங்காயம் விட்டுப்போனது என்பது மூக்குக்குத்தான் தெரியும். “எக்ஸாக்ட்லி!” என்று மேசையைத் தட்டினாள்.

புற்று வந்த நாய்களில் நிறைய பேருக்கு, ஜீன் என்கிற நீளமான எழுத்து வரிசையில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்குமாம். அது சிறுநீரிலேயே தெரியுமாம். ஒரே எழுத்து! நான் ஒரு பக்கத்தில் எத்தனை எழுத்தை மாற்றுகிறேன், எனக்கு ஒன்றும் வரவில்லையே.

டிப்டியுடையதோடு, நோயில்லாத இரண்டு வயசான ஆண் நாய்களின் சிறுநீரும் கிடைத்தால் ஒப்பிட உதவும் என்றாள். பூங்காவில் கேட்கிறேன் என்றேன்.

19 நவம்பர், புதன்

இன்று பெரிய வேலை. நீளக் காம்புள்ள எண்ணெய்க் கரண்டியோடு நாய்களின் பின்னால் நடந்தேன். லதா ஜன்னலில் இருந்து கத்தினாள், “அப்பா, அந்தக் கரண்டி திரும்ப வீட்டுக்குள்ள வரக்கூடாது!”

எங்கள் பக்கத்திலேயே பெரிய குவார்ட்டர்ஸ் டைரக்டர் ராமசுப்ரமணியன் சாருடையது. அவருடைய லாப்ரடார் நாய் சிம்பா. பூங்கா பெஞ்சில் அவர் தனியாகத்தான் உட்காருவார். நான் நின்றபடி வணக்கம் சொல்வேன், அவர் தலையாட்டுவார். கேட்கவே தயக்கமாக இருந்தது. “சயின்ஸுக்குத்தானே, எடுத்துக்கோ” என்றார். சிம்பா தாராளமாகக் கொடுத்தான். எங்கள் வரிசையில் இருக்கும் பல்லாஜியின் நாய் மோத்தியும் கொடுத்தான். டிப்டிக்கு இருபது நிமிடம்.

மூன்று பாட்டில். மூன்றிலும் பெயர்ச்சீட்டு. என் கையால், தமிழில்! பத்திரமாகப் போக வேண்டும் என்று பழைய மூன்றடுக்கு டிபன் கேரியரில் ஐஸ் போட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மாதங்கி இல்லை. சுனில் என்ற உதவியாளர் வாங்கிக்கொண்டு, “பையாஜி, கானா லாயே ஹோ க்யா?” என்று, அதாவது சாப்பாடா என்று கேட்டு, மோந்து பார்த்தார்.

24 நவம்பர், திங்கள்

டிப்டிக்கு இருக்காம். அந்த அடையாளம். மாதங்கி போன் பண்ணுச்சு. ஸாரி தாத்தா ஸாரி தாத்தான்னு சொல்லுது. அது என்ன பண்ணும் பாவம்.

சாதம் குழைஞ்சு போச்சு இன்னிக்கு. முப்பத்தெட்டு வருஷம் சாணக்யபுரி விருந்தினர் மாளிகையில சமைச்சேன், ஒரு நாள் குழைஞ்சதில்ல.

அவன் காலடியிலதான் படுத்திருக்கான். நான் எழுதறத பாத்துக்கிட்டு.

25 நவம்பர், செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேற்கொண்டு பார்ப்பதற்காக டிப்டியை ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். மாதங்கி மீதியிருந்த பாட்டில்களைக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்தாள். மூடியில் 1, 2, 3 என்று எண். “இதுதான் டிப்டி” என்று 1 போட்ட பாட்டிலைத் தொட்டாள். பாட்டிலின் வயிற்றில் என் கோணல் எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். சி. ம். பா. மறுபடி படித்தேன். அவசரத்தில் தப்பாகப் படிக்கிறேனோ என்று விரல் வைத்து மூன்றாம் முறை படித்தேன்.

“அம்மா, இது சிம்பா. டிப்டி மூணாவதுல இருக்கான்.”

அவள் முகம் வெளுத்தது. “எனக்குத் தமிழ் படிக்க வராது தாத்தா. ஏதோ தேதி எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன்.” சுனில் கேரியரை மேலிருந்து பிரித்து, எடுத்த வரிசையில் எண் போட்டிருக்கிறார். நோயாளிதான் முதலில் இருக்கும் என்று ரெஜிஸ்டரில் ஒன்றுக்கு நேரே டிப்டியை எழுதிவிட்டார்கள். “நோயாளியை ஏன் தாத்தா கீழ வச்சீங்க?”

“டைரக்டர் வீட்டு நாய் இருக்கும்போது டிப்டி எப்படிம்மா மேல போவான்?”

இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் மேல் அடுக்கில் பெரிய அதிகாரி சாப்பாடு, கீழே போகப் போகச் சின்னவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அதுதான் கணக்கு. கை தானாகச் செய்தது. நடுவில் பல்லாஜி, அவர் செக்‌ஷன் ஆபீசர். அடியில் நாங்கள்.

மறுபடி பரிசோதிக்க வேண்டும், டிப்டி, சிம்பா இருவருடையதும் புதிதாக வேண்டும் என்றாள். “டைரக்டர் சார்கிட்ட நான் பேசட்டுமா?” என்றும் கேட்டாள். வேண்டாம், கேரியரை அடுக்கியது நான் என்றேன்.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். முனிர்க்கா நிறுத்தம் வந்ததும் சிம்பா ஞாபகம் வந்தது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

26 நவம்பர், புதன்

காலையில் பெஞ்சுக்குப் போய்ச் சொன்னேன். நின்றபடிதான்.

“என்ன உளர்றே? சிம்பா நன்னா ஓடறான், நன்னா சாப்பிடறான். உன் டிபன் கேரியர் குளறுபடியைக் கொண்டுவந்து என் தலையில கட்டறியா?”

“தப்பு என்னுதுதான் சார். ஆனா பாட்டில் சிம்பாவோடதுதான். தொந்தரவு தெரியறதுக்கு முன்னாலயே அந்த அடையாளம் தெரிஞ்சுடுமாம். அதுதான் இதுல நல்லது.”

எழுந்து போய்விட்டார். பத்தடி போனதும் நின்றார். திரும்பாமலே, “கரண்டி எங்கே?” என்றார்.

30 நவம்பர், ஞாயிறு

முடிவு வந்தது. டிப்டிக்கு இல்லை. வயசான வீக்கம்தான், விதை எடுத்தால் சுரப்பி சுருங்கிவிடும். லதா என்னைக் கட்டிக்கொண்டாள், பிறகு டிப்டியை, பிறகு இருவரையும் போய்க் குளிக்கச் சொன்னாள்.

சிம்பாவுக்கு இருக்கிறது.

7 டிசம்பர், ஞாயிறு

டிப்டிக்கு ஆபரேஷன் ஆயிற்று. கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கூம்பு. “பதவி இறக்கம் ஆயிடுச்சுப்பா அவனுக்கு” என்கிறாள் லதா. நேற்று வேப்பமரத்தடியில் காலைத் தூக்கினான், ஒரே நீளமாக! நான் கைதட்டினேன். பல்லாஜி பால்கனியில் இருந்து, “ஐயப்பன்ஜி, பதாயி ஹோ!” என்று வாழ்த்திக் கத்தினார்.

சிம்பாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சுரப்பியின் வாயில் சின்னதாக ஒரு கட்டி. மாதங்கி அதன் செல்லுக்குச் சாயங்கள் ஏற்றிப் பார்த்து, சிறுநீர்ப் பைத் தோலைச் சேர்ந்த வகை என்று பிரித்துவிட்டாள். வகை தெரிந்ததால் எந்த மாத்திரை என்று டாக்டர் குழப்பமில்லாமல் சொன்னார். குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. இரத்தம் வந்த பிறகு வந்திருந்தால் இந்த நாட்களே கிடைத்திருக்காது என்று மட்டும் சொன்னார்கள்.

ஆராய்ச்சிக் கூடத்தில் இப்போது புது விதி. மேசையில் வைப்பதற்கு முன்னால், கொண்டுவந்தவர் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் எண். சுனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறார்.

14 டிசம்பர், ஞாயிறு

மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, சிம்பாவுடையதை நாளை மறுபடி அனுப்ப வேண்டும். டிப்டியுடையதையும் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். காலையில் கேரியரோடு பூங்காவுக்குப் போனேன், எல்லாம் சரியாக நடக்கிறதா என்று ஒத்திகை பார்க்க. மூடுபனியில் பெஞ்சே தெரியவில்லை. சிம்பா முதலில் வந்து முட்டினான். பிறகு குரல்.

“ஐயப்பன், ஏன் நிக்கறேள்? உக்காருங்கோ.”

உட்கார்ந்தேன். பெஞ்ச் ஜில்லென்று இருந்தது.

டைரக்டர் சார் சட்டைப் பையில் இருந்து வெற்றுப் பெயர்ச்சீட்டை எடுத்து நீட்டினார். “சிம்பா பேரை நீங்களே எழுதுங்கோ. உங்க எழுத்துதான் அவனுக்கு ராசி.” தொடையில் நோட்டை வைத்து எழுதினேன். ‘ம்’ புள்ளி கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. அவர் வாங்கிப் பார்த்தார்.

பிறகு காலி கேரியரைப் பிரித்து, எது எங்கே என்று அவரே அடுக்கிக் காட்டினார். சிம்பாவுக்குக் கீழ் அடுக்கு.

“சார், நீங்க...”

“டிப்டி மேல இருக்கட்டும், ஐயப்பன். சீனியர் அவன்தான்.”

நாளைக்கு அப்படியே கொண்டுபோகிறேன். ஐந்தாறு நாளில் விடை தெரியுமாம், டிப்டி கூம்பைக் கழற்றுவதும் அதே நேரத்தில்தான். அடுத்த ஞாயிறு பேனாவுக்கு மை நிரப்பி வைத்துக்கொண்டு உட்காருவேன். சிம்பாவைப் பற்றி எது வந்தாலும் அதை நான்தான் எழுதுவேன், முடிந்தவரை கோட்டின் மேல்.