பாடு இல்லாத நாளில் நின்ற படகு

உன் நோட்டைப் பிரித்ததும் கருவாட்டு வாடை வந்தது. எனக்குக் கருவாடு கட்டிக்கொண்டு வரும் பையில்தானே இதையும் திணித்து வைத்திருப்பாய். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. கடைசி அத்தியாயம் எங்கே என்று பதிப்பாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். கதையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனவளை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

நீ பழவேற்காட்டில் ஏறுவாய், நான் திருப்பாலைவனத்தில். நாம் பாடம் நடத்தும் பொன்னேரிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸிலேயே ஒரு பக்கமாவது எழுதிவிடுவோம். குழந்தைகளுக்கான மாயக்கதை, உள்ளே ஒரு மர்மம். டச்சுக்காரர் காலத்தில் ஏரியில் சிப்பி பொறுக்கப் போன ஐந்து வயதுப் பவளம் காணாமல் போகிறாள். சூனியக்காரி தூக்கிப் போனாளா, நண்டு ராஜா மயக்கித் தூங்க வைத்தானா? அக்கா தேடிக் கிளம்புகிறாள். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடு அவளுக்கு விடுகதை போடும். அதற்கு நம் ஹெட்மாஸ்டரின் குரலைக் கொடுத்தவள் நீ.

உன் தங்கை சின்ன வயதில் ஏரியோடு போனாள் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாய். நானும் மேலே கேட்கவில்லை.

ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு தப்பு செய்தேன். பவளம் மறைந்த அன்று அவள் அப்பா முகத்துவாரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்ததாக எழுதிவிட்டேன். நெல் வயல்காரிக்கு ஏரியின் சட்டம் எங்கே தெரியும்? எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று உங்கள் ஊரில் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பதையும், அந்த முறைக்குப் பாடு என்று பெயர் என்பதையும் அன்றுதான் சொன்னாய். "பாடு இல்லாத அன்னிக்கு அங்க படகு நின்னா, ஊரே தள்ளி வெச்சிடும்டி," என்றாய். அந்த வரியை அடித்துவிடவா என்றேன். இருக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் பொன்னேரி வரை பேசவில்லை.

போன வாரம் நோட்டின் பின்னட்டையில் காரணம் கிடைத்தது. பென்சிலில் உன் எழுத்து, உன் அப்பாவைப் பற்றி: "அன்று நைனாவுக்குப் பாடு இல்லை. ஆனாலும் முகத்துவாரத்தில்தான் இருந்தார். தண்ணீரில் நின்ற பாப்பாவை வீட்டுக்குப் போ என்று அதட்டினார். ஊர் வேறு பக்கம் தேடியது. அவர் வாய் திறக்கவில்லை. கரையிலிருந்து பார்த்த நானும் திறக்கவில்லை."

அதிலிருந்து பஸ்ஸில் உன் இடத்தில் யார் உட்கார்ந்தாலும், அவர்கள் மடியில் ஈரக் கவுன் போட்ட பிள்ளை ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. என்னையே பார்க்கிறது. பயமாக இருக்கிறதடி.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். உன் அம்மா இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் இதை அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்று காலை நோட்டோடு போனேன். இறால் உரித்துக்கொண்டிருந்தார். நைனாவைப் பற்றியதை மட்டும் படித்தேன்; உன்னைப் பற்றிய கடைசி வரியை விட்டுவிட்டேன். இறால் உரித்த அவர் கை நிற்கவில்லை.

"தெரியும் கண்ணு. சாவறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிட்டாரு. பெரியவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாள்னு நான்தான் மூடி வெச்சேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி இதைச் சுமந்திருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்தது, உன்மேல் கோபமும் வந்தது.

புத்தகத்தில் இதைப் போடவா என்று கேட்டேன். "போடு. கதையிலயாச்சும் ஒருத்தர் வாயத் தொறக்கட்டும்," என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஆமா, அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றார்.

சாயங்காலமே எழுதி முடித்தேன். அக்கா ஊரைக் கூட்டி, தான் கரையிலிருந்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறாள்; படகுகள் எல்லாம் முகத்துவாரத்துக்குத் திரும்புகின்றன; பவளம் கிடைத்துவிடுகிறாள்.

உன் அம்மா கேட்டதற்கு மட்டும், தெரியவில்லையம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.