பாவாடைத் துணி கட்டிய குழாய்

பிப்ரவரி 11

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

நண்டு வலையைக் கிழித்துவிட்டது. எங்கள் நெல் வயலில் புதைத்திருக்கும், சுற்றிலும் ஓட்டை போட்ட குழாயில் சேறு புகாமல் கட்டியிருந்த வலை. விவசாய ஆபீசர் அக்கா கொடுத்த குழாய் அது. அதற்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கினால்தான் மோட்டார் போட வேண்டும். அதுவரை வயல் காயலாம். தினமும் விடிந்ததும் ஸ்கேலை விட்டு அளப்பது என் வேலை. அளவுகளை இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

வலைக்குப் பதிலாக என் பழைய பள்ளிப் பாவாடையை வெட்டி, குழாயின் அடியையும் சேர்த்துக் கட்டிப் புதைத்தேன். இனி நண்டு வரட்டும், பார்க்கலாம்.

பிப்ரவரி 13

பெரியப்பா வரப்பில் நின்று கேட்டார்: "வயலுக்கு ஸ்ட்ரா சொருகி வச்சிருக்கீங்க. ஜூஸ் எப்ப வரும்?"

"வந்தா முதல் டம்ளர் உங்களுக்குத்தான்" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "இந்தப் போகம் சரியா வரலன்னா நிலத்தை நான் பாத்துக்கறேன்மா. நீ பொண்ணைக் கூட்டிக்கிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போயிடு. தனியா ஏன் கஷ்டப்படற?"

அப்பா இறந்தபின் இந்த இரண்டு வருடத்தில் பெரியப்பா எங்களுக்குக் கெட்டது எதுவும் செய்ததில்லை. இதையும் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அதனால்தான் இவ்வளவு பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 15

அம்மாவுக்குக் கால் சுளுக்கு. வயல் இனி என் பொறுப்பு.

பிப்ரவரி 24

பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் நான்கு, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை. மோட்டார் போடவே இல்லை. "நம்ம வயல் ஒட்டகம் மாதிரி இருக்கே" என்றாள் அம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிப்ரவரி 25

மேட்டு மூலையில் வெடிப்பு. என் விரல் உள்ளே போகிறது. இலைகள் சுருண்டுவிட்டன. குழாயில் மட்டும் எப்படித் தண்ணீர்?

பிடுங்கினேன். டம்ளர் மாதிரி தண்ணீரோடு வந்தது. பாவாடைத் துணியில் சேறு அப்பி, எல்லா ஓட்டையும் அடைத்துவிட்டது.

பத்து நாளும் குழாயைத்தான் பார்த்தேன். வயலைப் பார்க்கவில்லை.

கதிர் உருவாகிற நேரம் இது. எல்லாம் போச்சு. என்னாலதான். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? மாமா வீட்டுக்குப் போனா இந்த ஸ்கூல், இந்த வீடு—

பிப்ரவரி 26

சொல்லவில்லை.

பிப்ரவரி 27

சொல்லிவிட்டேன். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். வயலுக்கு நொண்டிக்கொண்டே நடந்தாள். வெடிப்புக்குப் பக்கத்தில் கையால் தோண்டினாள். மேல்மண் ஓடு மாதிரி உடைந்தது. அதற்குக் கீழே கறுப்பு மண், ஈரமாக. உருட்டினால் உருண்டையாக நின்றது. வேர் வெள்ளையாக இருந்தது.

நடவுக்கு முன் தழையுரமாக மடக்கி உழுத தக்கைப்பூண்டுச் செடியும், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுமந்த மட்கிய எருவும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன.

"உசுரு இருக்குடி" என்றாள் அம்மா. அழுதேன்.

"குழாய்க்கு எதுக்கு யூனிஃபார்ம்? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறியா?"

அழுதுகொண்டே சிரித்தேன்.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. இன்று பெரியப்பாவின் முறை. அம்மா கேட்டதும் விட்டுக்கொடுத்தார். காரணம் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

மார்ச் 16

நெல் பூத்துவிட்டது. பூக்கும்போது காயவிடக் கூடாது, இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஆபீசர் அக்கா சொல்லியிருக்கிறாள். குழாயில் இப்போது கொசுவலை. காலையில் அளந்துவிட்டு, நான்கு மூலைக்கும் நடந்து பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறேன். எரு மணத்துக்கு இப்போது மூக்கைப் பிடிப்பதில்லை. அவ்வளவாவது மரியாதை செய்ய வேண்டாமா?

ஏப்ரல் 19

அறுவடை முடிந்தது. மேட்டு மூலையில் பதர் அதிகம். பெரியப்பா வயலைவிட ஒரு மூட்டை குறைவு. ஆனால் அவர் மோட்டார் போட்டதில் பாதி தடவைதான் நாங்கள் போட்டோம்.

பெரியப்பா கிணற்றை எட்டிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "இந்த மாசத்துல இவ்வளவு தண்ணி கிடந்து நான் பாத்ததில்ல" என்றார். பிறகு அம்மாவிடம், "அடுத்த போகத்துக்கு என் வயல்லயும் ஒரு ஸ்ட்ரா சொருகிடும்மா. உன் பொண்ணு அளவெல்லாம் எழுதி வச்சிருக்காளாமே, கொடுக்கச் சொல்லு."

மாமா வீட்டுப் பேச்சை எடுக்கவே இல்லை.

இந்த நோட்டையே எப்படிக் கொடுப்பது? அளவுகளை மட்டும் புது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், கூடத்து விளக்கில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. "அந்தப் பத்து நாளை விட்டுடு. அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

விடவில்லை. நான்கு, நான்கு, ஐந்து என்று அப்படியே எழுதி, பக்கத்தில் எழுதினேன்: "இந்த அளவுகள் பொய். நான் கட்டிய துணி அடைத்துக்கொண்டது. குழாயோடு வயலையும் பார்க்கவும்."

அம்மா எட்டிப் படித்தாள். விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.