இரண்டு பதிப்புக்கும் ஒரே குரல்

அன்புள்ள தம்பிக்கு,

"இது அவன் குரல்தானா?" என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் வரவில்லை.

நீ நலமா? உன் மனைவியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் கட்டுக்குள் இல்லை. நான் வழக்கம்போல் பல்கலைக்கழகத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழைய கணினி போன மாதம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புதிது வாங்கினேன். அதில் லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்புதான் ஏறுகிறது. பார்வை போனபின் அவருக்காக நாம் இருவரும் எழுதிய, திரையில் இருப்பதை உன் குரலில் படித்துச் சொல்லும் வாசிப்பான் அதில் வாயே திறக்கவில்லை. ஒலியை வெளியே அனுப்பும் முறையை அடியோடு மாற்றியிருந்தார்கள். சொல்லிவிட்டுத்தான் மாற்றினார்கள், நான்தான் படிக்கவில்லை.

அந்தப் பகுதியைப் புதிய முறைக்கு மாற்றி எழுதி, எல்லோருக்குமாகப் பொதுவில் ஏற்றினேன். அப்பாவின் கணினி பேசியது. இரண்டே நாளில் பதினோரு புகார். நம் வாசிப்பானை நம்பியிருக்கும் அறுபது சொச்சம் பேரில் பாதிப்பேர் இன்னும் பழைய பதிப்பில் இருக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கும் பார்வையற்ற பெண் ஒருத்தி, "ஏன் மேடம், புது மெஷின் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் இனிமே வாயா?" என்று எழுதியிருந்தாள். சுருக்கென்றது.

இரண்டு வாரம் உட்கார்ந்து சரிசெய்தேன். இப்போது வாசிப்பான் எழுந்ததும், எந்தப் பதிப்பில் இருக்கிறோம் என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அந்தந்தப் பதிப்புக்குத் தெரிந்த வழியில் பேசுகிறது. யாரையும் கைவிடவில்லை.

அடுத்த தலைவலி உன் கைவண்ணம். வாசிப்பான் கோத்துப் பேசுவதற்காக நீ பேசிப் பதிவு செய்த எழுத்தொலிகளில் ஒன்றில்கூட, எந்த வேகத்தில் பதிவு செய்தாய் என்ற குறிப்பு இல்லை. பழைய பதிப்பு தானாக எடுத்துக்கொண்ட வேகம் தற்செயலாகப் பொருந்திப்போனது. புதியது வேறொன்றை எடுத்துக்கொண்டது. அதனால் நீ மெலிந்த குரலில், ரயிலுக்கு நேரமானவன்போல் செய்தி வாசித்தாய். நான் நிறுத்தப் போனேன். அப்பா விடவில்லை. "இருக்கட்டும், காலேஜ் சேர்ந்த புதுசுல இப்படித்தான் பேசுவான்" என்றார். அரைமணி நேரம் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

பிறகு வேகத்தைத் திருத்தினேன். பழைய பதிப்பில் வரும் ஒலியோடு எண் எண்ணாக ஒப்பிட்டேன்; துளி வித்தியாசம் இல்லை. ஆனாலும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "முன்னாடி பேசினவன் வேற, இவன் வேற" என்கிறார். பழைய கணினியின் ஒலிபெருக்கி கிழிந்து பல வருடம் ஆகிறது, இவ்வளவு நாள் கரகரத்த குரலைத்தான் கேட்டீர்கள் என்று விளக்கினேன். "அப்போ இதுதான் அசலா?" என்றார். நான் என்ன சொல்வேன்? நீயும் நானும் ஆறு வருடமாக எழுதிக்கொள்கிறோமே தவிர, பேசியதில்லை. எனக்கும் மறந்துவிட்டது.

நான்கு நாளாக அவர் கணினியைத் தொடவில்லை. செய்தி இல்லை, புத்தகம் இல்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். புதிய பதிப்போடு வரும் இயந்திரக் குரலைப் போடட்டுமா என்று கேட்டேன். "அது யார் வீட்டுப் பிள்ளை?" என்றார்.

அம்மா போன அதே மாதம் நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது, இனி உன் குரலே இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று அவர் சொன்னது உனக்கு மறந்திருக்காது. அடுத்த நாள் காலை கணினியைப் போட்டார். நீ செய்தி வாசித்தாய். அவர் அணைக்கவில்லை. இதுவரை உனக்கு இதை எழுதியதில்லை. யார் பக்கம் நியாயம் என்றும் நான் எழுதப்போவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது போதும்.

கேட்பது ஒன்றுதான். ஒருமுறை தொலைபேசியில் அவரிடம் பேசு. ஒப்பிட்டுப் பார்க்கத்தான். மற்றது உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

அன்புடன்,
அக்கா

மறுநாள்.

இதை நேற்றே அனுப்பியிருக்க வேண்டும். அப்பாவின் கணினியில் எழுதிவிட்டு, மூடாமல் எழுந்துபோயிருக்கிறேன். இன்று காலை நான் கடைக்குப் போன நேரத்தில் அவர் என்ன நினைத்தாரோ, போய் உட்கார்ந்து வாசிக்கும் விசையை அழுத்தியிருக்கிறார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு" என்று நீ வாசித்துக்கொண்டிருந்தாய்.

முழுவதும் கேட்டிருக்கிறார். "கண்ணு கலங்குச்சுன்னு எழுதியிருக்கே. அது சொட்டு மருந்து" என்றார். அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்றேன். "உன் கடிதாசு, உன் இஷ்டம்" என்றார்.

பிறகு விசைப்பலகையை இழுத்துவைத்து, நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்த விரல்களால் ஒரே ஒரு வரி அடித்தார். அதை உன் குரலில் ஒருமுறை கேட்டுப்பார்த்தார்; எதையும் மாற்றவில்லை. அவர் வாசற்படி தாண்டி எட்டு மாதம் ஆகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு அவர் அடித்த வரியைப் படி:

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.